1944இல் பிறந்தவர்களுக்கு மட்டும் ஏன் ஒரு நாள் குறைகிறது?

கேள்வி: ஒரு கிளினிக்குக்காக நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்), போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்து நோயாளிகள் பதிவு மென்பொருள் எழுதியிருக்கிறேன். கிளினிக்கில் உள்ள கணினியிலேயே ஓடுகிறது. பிறந்த தேதி ஃபீல்டு டேட் வகை. அதைப் படித்து பிரவுசருக்கு அனுப்பினால் எல்லோருக்கும் ஒரு நாள் குறைவாக வந்தது. ஐந்தரை மணி நேரம் கூட்டி, முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தேன், சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு முதியவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் குறைகிறது. இருவரும் 1944இல் பிறந்தவர்கள். என்ன காரணம்?

பதில்: அந்த இருவர் விஷயத்தில் குற்றவாளி இரண்டாம் உலகப் போர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்களைப் போர்க்கால ஏற்பாடாக ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தார்கள். அப்போது நமக்கும் கிரீன்விச்சுக்கும் வித்தியாசம் ஐந்தரை அல்ல, ஆறரை மணி நேரம். நோட் தன்னோடு வைத்திருக்கும் நேர மண்டலத் தரவில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. உங்கள் கோடில் இல்லை.

நடப்பது இதுதான். போஸ்ட்கிரஸ் அனுப்புவது வெறும் தேதி: 1998-06-15. அதில் மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. ஆனால் நோட்டையும் போஸ்ட்கிரஸையும் இணைக்கும் பிஜி டிரைவர் அதை அப்படியே உங்களிடம் தருவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட் ஆப்ஜெக்டாக மாற்றித் தருகிறது. இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் டேட் என்பது ஒரு நாளே அல்ல, ஒரு நொடிப்பொழுது. நாளை நொடியாக்க ஒரு மணி வேண்டுமே? டிரைவர் உள்ளூர் நள்ளிரவு 12 மணியை எடுத்துக்கொள்கிறது. பிறகு அதை பிரவுசருக்கு அனுப்ப ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கும்போது யூடிசிக்கு, அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கு, மாறுகிறது. இந்திய நள்ளிரவு என்றால் யூடிசியில் முந்தைய நாள் மாலை 18:30. ஒரு நாள் தொலைந்தது இங்கேதான்.

நீங்கள் ஐந்தரை மணி கூட்டியதும் 18:30 மறுநாள் 00:00 ஆனது, தேதி திரும்பி வந்தது. 1944இல் பிறந்தவருக்கோ அந்த நள்ளிரவு யூடிசியில் 17:30. ஐந்தரை கூட்டினால் 23:00தான். நாள் மாற ஒரு மணி நேரம் பாக்கி.

சரி, அந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் ஆறரை கூட்டலாமா என்று கேட்டுவிடாதீர்கள். இலங்கையில் 1996 மே மாதம் ஆறரைக்கு மாற்றி, அதே அக்டோபரில் ஆறாக்கி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் பதிவுக்கு வந்தாலும் உங்களுக்குக் கவலை இருக்கக் கூடாது. அவர் பிறந்த நாள் என்பது நாட்காட்டியில் ஒரு கட்டம். அதற்கு மண்டலம் எதற்கு?

ஆகவே அதை டேட் ஆப்ஜெக்டாக மாறவே விடாதீர்கள். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு. டேட் வகைக்கு 1082. பிஜி டிரைவரின் டைப்ஸ் பகுதியில் செட் டைப் பார்சர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு 1082ஐயும், வந்த ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) அப்படியே திருப்பித் தரும் ஒரு சின்ன ஃபங்ஷனையும் கொடுங்கள். ப்ரோக்ராம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி. ஐந்தரை மணிக் கூட்டலை அழித்துவிடலாம். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை டேட் ஸ்ட்ரிங்ஸ் என்ற அமைப்பு செய்யும். ஜாவாக்காரர்களுக்கு லோக்கல் டேட் இருக்கிறது, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பிரவுசர் பக்கத்திலும் அதே கட்டுப்பாடு வேண்டும். வந்த ஸ்ட்ரிங்கை அங்கே நியூ டேட்டுக்குள் போட்டால், தேதி மட்டும் உள்ள ஸ்ட்ரிங் யூடிசி நள்ளிரவாகப் படிக்கப்படும். சென்னையில் அது காலை ஐந்தரை, அதனால் பிழை தெரியாது. நியூஜெர்சியில் இருக்கும் மகன் அப்பாவின் பதிவைத் திறந்தால் முந்தைய நாள் தெரியும். அந்த ஸ்ட்ரிங்கை நடுவில் உள்ள சிறு கோடு (-) இருக்கும் இடத்தில் பிரித்து, நாள்-மாதம்-ஆண்டு என்று வரிசை மாற்றிக் காட்டுங்கள், போதும். வயதையும் அந்த மூன்று எண்களை வைத்தே கணக்கிடலாம்.

இதற்கெல்லாம் முன் ஒன்று செய்யுங்கள். போஸ்ட்கிரஸோடு வரும் பிஎஸ்கியூஎல் கருவியைத் திறந்து டேபிளில் உண்மையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். தவறாகப் படித்த தேதி எடிட் பக்கத்துக்குப் போய், யாரோ தொலைபேசி எண்ணை மட்டும் திருத்திச் சேமித்திருந்தால், அந்தத் தவறான தேதியும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். அடுத்த எடிட்டில் இன்னொரு நாள் குறையும். அப்படிப் போனவற்றைக் கோடு எழுதி மீட்க முடியாது. பழைய பதிவுச் சீட்டைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

மருத்துவரைப் பார்க்க வரும் நேரம் வேறு ரகம். அது உண்மையிலேயே ஒரு நொடிப்பொழுது, அதை டேட் ஆப்ஜெக்டாகப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் ஃபீல்டு டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் வகையாக இருக்கட்டும். பெயரைப் பார்த்து மண்டலமும் சேமிக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, யூடிசிக்கு மாற்றித்தான் வைக்கிறது. மண்டலம் இல்லாத வகையென்றால், டிரைவர் அதைத் தான் ஓடும் கணினியின் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இன்று காலை 10:30 என்று பதிந்த நேரம், யூடிசியில் ஓடும் கிளௌட் சர்வருக்கு மாறிய அன்று நம் கணக்கில் மாலை 4:00 ஆகிவிடும். ஏற்கெனவே மண்டலம் இல்லாமல் வைத்திருந்தால், வகையை மாற்றும்போது ஏட் டைம் ஸோன் போட்டு ஏசியா/கொல்கத்தா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த இணைப்பின் மண்டலம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், கடைசியாகத் திருத்திய நேரத்தைப் படித்து, அதையே டேபிளில் வரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் வேர் நிபந்தனையில் சமமா என்று ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒரு வரிசையும் கிடைக்காது. போஸ்ட்கிரஸ் நொடியில் ஆறு தசம இடம் வரை வைக்கும், ஜாவாஸ்கிரிப்ட் டேட் மூன்றோடு நிறுத்திவிடும்.

மாற்றிய பிறகு, நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் என்ற என்விரான்மென்ட் மாறியை முதலில் ஏசியா/கொல்கத்தா, அடுத்து யூடிசி, அடுத்து அமெரிக்கா/நியூயார்க் என்று வைத்து டெஸ்ட்டை மூன்று முறை ஓட்டுங்கள். டெஸ்ட் தேதிகளில் ஒன்று 1944ஆக இருக்கட்டும்.