அப்பாவுக்குக் கஞ்சி இறங்கவில்லையே என்று தவிக்கும் சகோதரிக்கு

மூன்று நாளாக அப்பா வாயே திறப்பதில்லை, பட்டினி போடுகிறேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. புற்றுநோய் முற்றிய கடைசி நாட்களில் உடம்பே சாப்பாட்டைக் கைவிட்டுவிடும். பசியும் பெரும்பாலும் இருக்காது. விழுங்க முடியாதவருக்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் புகட்டினேன், இருமி இருமித் தவித்தார். இன்றும் மனசு ஆறவில்லை.

சொந்தக்காரர்கள் பால் ஊற்றச் சொன்னால், பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள். வாயை அடிக்கடி ஈரப்படுத்துங்கள். சேடம் இழுக்கும் சத்தம், அதாவது தொண்டையில் சளி கரகரக்கும் சத்தம், கேட்கிறவர்களைத்தான் அதிகம் உலுக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கொஞ்சம் குறையும். வலியில் முகம் சுளித்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்; கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மருந்தைக் கேட்கத் தயங்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், பதில் வராவிட்டாலும் அவருக்குக் கேட்கக்கூடும்.