நியூசிலாந்தில் 5 எடுத்த மாடு அமெரிக்காவில் எவ்வளவு எடுக்கும்?

கன்று ஈனும்போது கறவை மாட்டின் உடல்நிலை மதிப்பெண் (உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) 5 இருக்கட்டும் என்கிறது நியூசிலாந்து. அமெரிக்காவில் 5 என்றால் அளவுமீறிக் கொழுத்த மாடு. எது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டும் சரிதான், அளவுகோல்தான் வேறு. அமெரிக்காவில் 1 முதல் 5 வரை, ஆஸ்திரேலியாவில் 8 வரை, நியூசிலாந்தில் 10 வரை.

அதற்காக நியூசிலாந்து எண்ணைப் பாதியாக்கிவிடாதீர்கள். 5-ஐ வகுத்தால் 2.5 வரும், உண்மையில் அது அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 3.1. நல்ல மாட்டை மெலிந்ததென்று நினைத்துத் தீவனத்தைக் கூட்டிவிட்டால், ஈன்றபின் கீட்டோசிஸ் (உடல்கொழுப்பு அளவுமீறிக் கரைவதால் வரும் நோய்) வரும் வாய்ப்பு கூடும்.

அமெரிக்க முறையில் முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்பெலும்பிலிருந்து வால்பக்க எலும்புவரை போகும் கோடு கூர்மையான 'வி' போல இறங்கினால் 3 அல்லது அதற்குக் கீழே. 'யு' போல வளைந்தால் 3.25 அல்லது அதற்கு மேல். அப்புறம் அந்த எலும்புகளையும் வாலடியையும் தடவிப் பார்த்துக் கால் புள்ளி கூட்டுங்கள், குறையுங்கள்.