ஹோட்டல் படிப்புக்குப் பாடத்திட்டம் எழுதச் சொன்னால் எங்கே ஆரம்பிப்பது?

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த முறை ஹோட்டல் படிப்பைச் சுற்றியே நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அல்சூர் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளராக இருக்கிறேன். விருந்தோம்பல், உணவகம், உணவுக்கலை மூன்றையும் சேர்த்து ஒரு பி.வோக். (தொழிற்கல்வி இளநிலை) பட்டம் தொடங்கப் போகிறோம், பாடத்திட்டத்தை நீங்களே தயார் செய்யுங்கள் என்று நிர்வாகம் என் தலையில் கட்டிவிட்டது. வேறு கல்லூரிகளின் சிலபஸ்களைச் சேகரித்தேன். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. எங்கே ஆரம்பிக்கட்டும்?

அந்த சிலபஸ்களை முதலில் மூடி வையுங்கள் சார். அவை ஒட்டாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஐ.எச்.எம். எனும் ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களின் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பு ஒரு நட்சத்திர ஹோட்டலை மனதில் வைத்துப் போட்டது: ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், சமையல், பரிமாறல் என்று நான்கு துறை, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம். அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பி.வோக். வேறு கணக்கு. 2014இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதைக் கொண்டுவந்தபோதே முதல் ஆண்டு முடித்து வெளியேறினால் டிப்ளமா, இரண்டு ஆண்டு முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமா, மூன்றும் முடித்தால் பட்டம் என்று வைத்தார்கள். மொத்தத்தில் 60 சதவீதம் தொழில்திறன், 40 சதவீதம் பொதுக்கல்வி.

ஆக, நீங்கள் எழுத வேண்டிய முதல் காகிதத்தில் பாடப் பெயரே வரக்கூடாது. ஒரு பையன் முதல் ஆண்டோடு நின்றுவிடுகிறான் (வீட்டு நிலைமையால் நிற்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்), அடுத்த திங்கட்கிழமை அவன் எந்த வேலைக்குப் போவான், அங்கே என்ன செய்வான்? இரண்டாம் ஆண்டோடு நிற்பவள் என்ன செய்வாள்? மூன்றையும் முடித்தவர்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். என் கணக்கில் முதல் ஆண்டு முடித்தவன் கம்மியாகவோ (உதவிச் சமையல்காரர்) ஸ்டூவர்டாகவோ (பரிமாறுபவர்) நிற்க வேண்டும்: கத்தி பிடிப்பது, மாவு, ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேகவைத்த சாறு), கேஓடி எனும் ஆர்டர் சீட்டைப் படிப்பது, தன் இடத்தைத் துடைத்துவிட்டுக் கிளம்புவது. இரண்டாம் ஆண்டு முடித்தவள் ஒரு செக்‌ஷனைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்டென்ட் (தேவையான பொருள் பட்டியல்) போட வேண்டும், நாலு பேருக்கு ட்யூட்டி ரோஸ்டர் எழுத வேண்டும். மூன்றாம் ஆண்டு என்றால் ஒரு சின்னக் கடையை நடத்துகிற அளவுக்கு விலை, லைசென்ஸ், ஜிஎஸ்டி, ஆள் எடுப்பது எல்லாம். நடைமுறையில் பல சிலபஸ்களில் இது தலைகீழாக இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே மேலாண்மைக் கோட்பாடுகள். முதல் ஆண்டோடு போகிற பிள்ளைக்கு மேலாண்மை அறிஞர் ஃபேயோலின் 14 கொள்கைகளும் மனப்பாடம், வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்க வராது.

ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சுற்றுலா விருந்தோம்பல் திறன் கவுன்சில் தரநிலைகள் எழுதி வைத்திருக்கிறது, அதை எடுத்து எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். சதை உள்ளூரிலிருந்து வர வேண்டும். இந்த ஊரில் ஆள் எடுப்பவர்கள் யார்? நின்றுகொண்டே சாப்பிட்டுப் போகிற தர்ஷினிகள், அசைவம் போடுகிற மிலிட்டரி ஹோட்டல்கள், ஐ.டி. பூங்காக்களில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற கேன்டீன்கள், சொந்தமாக பீர் காய்ச்சுகிற பப்புகள், உட்காரும் மேசையே இல்லாத கிளவுட் கிச்சன்கள். ஐந்து நட்சத்திரம் இதில் ஒரு பங்குதான். ஜெயநகர், சிவாஜிநகர், ஒயிட்ஃபீல்டு மூன்று இடத்துக்கும் போய் முதலாளிகளைக் கேளுங்கள். முதலாளியோடு நிறுத்தாமல் சரக்கு மாஸ்டரையும் கேளுங்கள், அவர் சொல்வது வேறாக இருக்கும், பெரும்பாலும் அதுவே உபயோகமாக இருக்கும்.

எந்தப் பாடத்தைச் சுருக்கினாலும் காஸ்டிங்கை (ஒரு தட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது) மட்டும் சுருக்காதீர்கள். நீங்கள் வணிகவியல்காரர், இதை நீங்களே எடுக்கலாம், ஆனால் வகுப்பறையில் வேண்டாம், தராசு பக்கத்தில் நின்று எடுங்கள். கிலோ 480 ரூபாய்க்கு இறால் வாங்கினோம், தலை, ஓடு, குடல் எல்லாம் போக 600 கிராம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நம் கைக்கு வந்த இறால் கிலோ 800 ரூபாய். மெனு கார்டில் 480ஐ வைத்து விலை போட்டவன் ஒவ்வொரு தட்டிலும் கையைக் கடித்துக்கொண்டே விற்பான், கூட்டம் கூடக்கூட நஷ்டமும் கூடும், ஏன் என்று அவனுக்கே புரியாது. பொருள்செலவு விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்கிற கணக்கு. அந்த ஒரு பங்கு எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதை ஒரு செமஸ்டர் முழுக்கச் செய்தாலும் தகும்.

அடுத்தது அறிவியல். இதையும் ஊரோடு சேர்த்துச் சொன்னால் ஒட்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சென்னையைவிட நேரம் பிடிக்கும். டிசம்பர் குளிரில் தோசை மாவு காலைக்குள் பொங்காது. இதெல்லாம் மாணவர்கள் கையால் அளந்து பார்க்க வேண்டியவை. சுகாதாரமும் அப்படித்தான்: சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே என்று எழுதி வைத்தால் பரீட்சைக்கு ஆகும். வடித்த சோற்றை வெளியிலேயே விட்டுவிட்டு மறுநாள் ஃப்ரைடு ரைஸ் போட்டால் என்ன ஆகும், பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் விதைகள் வேகவைத்தும் சாகாமல் அதில் எப்படிப் பெருகும், அது விடுகிற நஞ்சை மறுபடி சூடாக்கியும் ஏன் போக்க முடியாது என்று விளக்கினால்தான் அந்த எண்கள் மனதில் நிற்கும்.

பொதுக்கல்விப் பகுதியில் கன்னடத்தைக் கட்டாயம் வையுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் கன்னடம் பேசிவிடுவார்கள், ஆனால் விருந்தாளியிடம் மரியாதையாகப் பேசுவதும் சப்ளையருக்கு நாலு வரி எழுதுவதும் வேறு. சமையலறையில் பக்கத்தில் நிற்பவர் ஒடிசாக்காரராக இருக்கலாம், அதனால் கொஞ்சம் இந்தியும்.

ஒரு எச்சரிக்கை. யுஜிசியின் பழைய வழிகாட்டுதலில் ஆண்டுக்கு 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி), மூன்றாண்டுக்கு 180. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஆண்டுக்கு 1200 மணி நேரம், அதற்கு 40 கிரெடிட். நீங்கள் சேகரித்த சிலபஸ்களில் இரண்டு வகையும் கலந்திருக்கும். உங்கள் பல்கலைக்கழகம் எதைப் பின்பற்றுகிறது, வெளியேறும் சான்றிதழ்களுக்கு என்ன பெயர் வைக்கிறது என்று கேட்டுவிட்டு அட்டவணை போடுங்கள்.

ஆசிரியர்கள் விஷயம்: பரோட்டா மாஸ்டருக்கு எம்.ஏ. கிடையாதே என்று நிர்வாகம் கேட்கும். 2022இல் யுஜிசி ‘ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்’ என்று ஒரு வழி திறந்திருக்கிறது, நீண்ட தொழில் அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை. அதற்குப் பெரிய பதவியில் இருந்த செஃப்களைத்தான் எடுப்பார்கள் என்றால், மாஸ்டரைச் செய்முறைப் பயிற்றுநராக மணிக்கணக்கில் அழையுங்கள். காசு ஒழுங்காகக் கொடுங்கள்.

கேள்வி: சிவாஜிநகரில் சின்ன அசைவ ஹோட்டல் வைத்திருக்கிறேன். கல்லூரிகளிலிருந்து ட்ரெயினிங் என்று பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பாதிப் பேர் போனை நோண்டுகிறார்கள், மீதிப் பேர் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள். இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதீர்கள் அண்ணே, ஆனால் சும்மாவும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. கல்லூரி ஒரு கடிதத்தோடு பிள்ளையை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹோட்டலும் வந்த பிள்ளையைச் சம்பளமில்லாத ஆளாக நினைத்து வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிடுகிறது. ஒரு வாரம் வெங்காயம் உரிப்பது நல்லது, கை பழகும். மாதம் முழுக்க உரித்தால் போனைத்தான் நோண்டுவான், வேறென்ன செய்வான்?

எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். எந்த வாரம் எந்த இடத்தில் நிற்பான், என்ன கற்றுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவான், எத்தனை மணி நேரம், வார விடுமுறை எது, உதவித்தொகை எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். அவன் கையில் ஒரு லாக்புக், தினமும் உங்கள் மாஸ்டர் கையெழுத்து. மாதம் ஒருமுறை கல்லூரி ஆசிரியர் உங்கள் சமையலறைக்குள் வந்து பார்க்க வேண்டும், கல்லாவில் டீ குடித்துவிட்டுப் போகக்கூடாது. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொண்டால் உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசே ஏற்கிற திட்டங்களும் இருக்கின்றன, உங்கள் கடைக்குப் பொருந்துமா என்று கணக்காளரிடம் கேளுங்கள். சர்டிபிகேட்டை முன்கூட்டியே கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பயிற்சிச் சமையலறை கட்டப் பணமில்லை. வீடியோ காட்டிச் சமாளிக்க முடியுமா?

முடியாது. பக்கத்திலுள்ள கல்யாண மண்டபத்தின் சமையலறையை முகூர்த்தமில்லாத மாதங்களில் வாடகைக்குப் பேசிப் பாருங்கள். அதுவும் அமையாவிட்டால் படிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: நான் ஹோட்டல் படிப்பில் இரண்டாம் ஆண்டு. காஸ்ட்ரானமி என்று ஒரு பேப்பர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு சாஸ் பெயர்களும் ஐரோப்பியச் சீஸ் பெயர்களும்தான் வருகின்றன. இது எனக்கு எதற்கு?

பெயர் மட்டும் என்றால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். வெளிநாட்டில் காஸ்ட்ரானமியை, அதாவது உணவைப் பற்றிய முழுப் படிப்பை, தனிப் பட்டமாகவே வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் போலென்ட்சோவில் 2004இல் ஒரு பல்கலைக்கழகமே இதற்காகத் தொடங்கினார்கள், ஸ்பெயினில் சான் செபாஸ்டியனில் பாஸ்க் குலினரி சென்டர் 2011 வாக்கில் வந்தது. அங்கே விவசாயி, சந்தை, வரலாறு, வேதியியல், வியாபாரம் எல்லாம் சேர்ந்துதான் பாடம், அந்த ஊர்ச் சாப்பாட்டிலிருந்துதான் தொடக்கம்.

நீங்கள் இந்த ஊரில் இருப்பதால் ரவா இட்லியை எடுத்துக்கொள்ளுங்களேன். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். ஹோட்டல் சொல்கிற கதைப்படி, இரண்டாம் உலகப்போரின்போது அரிசி கிடைக்காமல் ரவையில் செய்து பார்த்தது அது. அரிசி ஏன் கிடைக்கவில்லை? 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ரேஷன், துறைமுகம், போர் எல்லாம் ஒரு டிபன் தட்டில் வந்து சேர்கிறது பாருங்கள். அப்புறம் தொழில்நுட்பக் கேள்வி: மாவை இரவு முழுக்கப் புளிக்க வைக்காமல் தயிரும் சோடாவும் எப்படி அந்த வேலையைச் செய்கின்றன? அப்புறம் வியாபாரக் கேள்வி: புளிக்கக் காத்திருக்க வேண்டாம் என்றால் ஒரு ஹோட்டலுக்கு எவ்வளவு மிச்சம்? இதே மாதிரி மிலிட்டரி ஹோட்டல் பிரியாணியையோ சிவாஜிநகர் ரம்ஜான் கடைகளையோ ப்ராஜெக்டாக எடுக்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், திட்டு எனக்கு விழட்டும்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.வோக். ஹோட்டல் படிப்புதான் என்று நிற்கிறாள். இது உண்மையான டிகிரிதானா? ராத்திரி வேலை இருக்குமே என்று அவள் அப்பா பயப்படுகிறார். (தாயார், முருகேஷ்பாளையா)

டிகிரிதான் அம்மா. யுஜிசி அங்கீகரித்த பட்டப் பெயர்களில் பி.வோக். இருக்கிறது, ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று கேட்கிற போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.எச்.எம்.மில் படிக்க ஆசையிருந்தால் அதற்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்று தனி நுழைவுத்தேர்வு உண்டு, அதையும் எழுதச் சொல்லுங்கள். பெங்களூரில் சேஷாத்ரி சாலையிலேயே ஐ.எச்.எம். இருக்கிறது.

ராத்திரி வேலை இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். பண்டிகை நாளில் ஊரே விடுமுறையில் இருக்கும்போது இவள் நின்றுகொண்டிருப்பாள், கால் வலிக்கும். அப்பாவின் பயத்தை ஒதுக்கிவிடாமல் அவரையே கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். பயிற்சிக்கு எந்தெந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறீர்கள், இரவு ஷிஃப்ட் முடிந்தால் வண்டி யார் ஏற்பாடு, அந்த ஹோட்டலில் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்கிறதா என்று அவர் கேட்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் அந்தக் குழு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும், பயிற்சிக்கு வருகிற மாணவியும் அதில் புகார் கொடுக்கலாம். போன ஆண்டு முடித்த இரண்டு பெண்களிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். கல்லூரி தயங்காமல் பேச வைத்தால் அட்மிஷன் ஃபாரம் வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.