மச்சினனுக்கு ஜப்பான் கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, நம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். என் மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர், சொந்த ஊர் இலோயிலோ. அவருடைய தம்பிக்கு 22 வயது. மணிலாவில் கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறான், இன்னும் ஒரு சீசன் பாக்கி இருக்கிறது. ஜப்பானில் ஒரு கிளப் அவனை ஆசிய ஒதுக்கீட்டில் எடுக்கத் தயாராக இருப்பதாக ஓர் ஏஜென்ட் வாட்ஸ்ஆப்பில் பேசுகிறார். மூன்று பக்கத்தில் ஒரு பிடிஎஃப் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும், 'பிராசஸிங்' செலவுக்கு 60,000 பெசோ கட்ட வேண்டும் என்கிறார். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். மாமனார் நிலத்தை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் மாமனாருக்கு போன் போட்டு அந்த அடகை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். ஒரு வீரனை எடுக்க விரும்பும் கிளப் அவனிடம் பணம் கேட்காது. ஏஜென்ட் கமிஷனைப் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். இல்லையென்றால் சம்பளம் கைக்கு வந்த பிறகு அதிலிருந்து கழியும். கையெழுத்துக்கு முன்பே வீரன் வீட்டுப் பணம் கைமாற வேண்டும் என்று யார் சொன்னாலும், அவர் கிளப்புக்காகப் பேசவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக முழுக்கதையும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வாசல் நிஜமாகவே திறந்திருக்கிறது. ஜப்பானின் பி.லீக் 2020-21 சீசனில் ஆசிய ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸ், தென்கொரியா, சீனா, தைவான், இந்தோனேசியா வீரர்கள் வழக்கமான வெளிநாட்டு வீரர் கணக்கில் சேராமல் தனி இடத்தில் ஆடலாம் என்று ஆனது. அந்த வழியில் முதலில் போன பிலிப்பைன்ஸ் வீரர் தெர்டி ரவேனா. அட்டெனியோ கல்லூரிக்காகத் தொடர்ந்து மூன்று முறை யு.ஏ.ஏ.பி எனும் கல்லூரி லீக்கின் இறுதிச்சுற்றில் சிறந்த வீரர் விருது வாங்கியவர், 2020-இல் சான்-என் நியோஃபீனிக்ஸ் அணியில் சேர்ந்தார். அடுத்த வருடமே அவருடைய அண்ணன் கீஃபர் ரவேனா ஷிகா அணிக்கும், டுவைட் ராமோஸ் டொயாமாவுக்கும், பாபி ரே பார்க்ஸ் நகோயாவுக்கும் போனார்கள். தென்கொரியாவின் கே.பி.எல் 2022-இல் பிலிப்பைன்ஸ் வீரர்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே போன ஆர்.ஜே. அபாரியென்டோஸ் முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக வீரர் ஆனார். 2023-24-இல் வொன்ஜு டிபி அணியின் ஈதன் அல்வானோ உள்நாட்டு வீரர்களுக்கான எம்.வி.பி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) விருதையே தட்டிக்கொண்டு போனார். கார்ல் டமாயோ 2023-இல் ரியூக்யூ அணியோடு ஜப்பானிலும், 2025-இல் சாங்வொன் எல்ஜி அணியோடு கொரியாவிலும் கோப்பை பார்த்தவர்.

இவ்வளவு பேர் போனதற்குக் காரணம் எளிது. மணிலாவின் பி.பி.ஏ 1975-இல் தொடங்கியது, ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். ஆனால் அங்கே ஒரு வீரரின் மாதச் சம்பளத்துக்கு 4,20,000 பெசோ என்று உச்சவரம்பு உண்டு. அணிகள் முறை வைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வருபவருக்கு அதைவிடவும் குறைவு. டிராஃப்டில் எந்த அணி எடுக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், தேர்வு பையன் கையில் இல்லை. வெளிநாட்டிலோ சம்பளம் கூடுதல், அதோடு வீடு, மொழிபெயர்ப்பாளர், முறையான பயிற்சி எல்லாம் கிடைக்கும். உங்கள் மச்சினன் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். பி.லீக் முதல் பிரிவில் இதுவரை இருந்த வழக்கப்படி ஒரு கிளப்புக்கு ஆசிய ஒதுக்கீடு ஒரே ஒரு இடம். ஜப்பான் குடியுரிமை பெற்ற வெளிநாட்டு வீரருக்கும் அதே இடம்தான். கொரியாவிலும் அணிக்கு ஒருவர்தான். அந்த ஒருவர் சரியாக ஆடவில்லை என்றாலோ, காயப்பட்டாலோ, அந்த இடத்தைக் காலி செய்தால்தான் கிளப் இன்னொருவரைக் கொண்டுவர முடியும். உள்ளூர் வீரருக்குக் காட்டும் பொறுமையை இவருக்குக் காட்ட மாட்டார்கள். 2026-27 சீசனிலிருந்து ஜப்பானில் மேல்தட்டுப் பிரிவு பி.பிரீமியர் என்று மாறுகிறது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 80 கோடி யென் உச்சவரம்பும் வருகிறது. எனவே எந்தப் பிரிவு, எந்த சீசனின் விதி என்று கேட்காமல் பேச்சை நகர்த்தாதீர்கள்.

சரி, ஏஜென்டை எப்படிச் சரிபார்ப்பது? சர்வதேச அளவில் வீரர்களை மாற்றிவிடும் ஏஜென்ட், உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிபா தளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் உரையாடல் அத்தோடு முடிந்தது. இருந்தாலும் பாதிதான் முடிந்தது, ஏனென்றால் உண்மையான ஏஜென்டின் பெயரைச் சொல்லி வேறொருவர் பேசலாம். அதனால் கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்: 'இன்னார் உங்கள் சார்பில் இந்த வீரரோடு பேசுகிறாரா?' நிஜமாகவே ஆள் தேடும் கிளப் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது. ஏஜென்டோடு தனி ஒப்பந்தம் போட வேண்டி வந்தால் அது இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வரி இருக்கவே கூடாது.

இப்போது அந்த மூன்று பக்க பிடிஎஃப். நான் கையில் பிடித்துப் படித்த முறையான ஒப்பந்தம் எதுவும் மூன்று பக்கத்தில் முடிந்ததில்லை. இப்படித்தான் ஒரு பையனின் ஒப்பந்தத்தை அவன் அம்மாவோடு உட்கார்ந்து படித்தேன். சம்பள எண் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அம்மா அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: அணியின் தேவை மாறினால் 30 நாள் அறிவிப்பில் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அப்படியானால் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு வருடச் சம்பளம் இல்லை, ஒரு மாதச் சம்பளம். அதை விளக்கிச் சொன்னபோது அந்த அம்மா விரலை எடுத்துவிட்டு, 'அப்போ இதை ஏன் முதல் பக்கத்தில் போடவில்லை?' என்று கேட்டார். சரியான கேள்வி. கிளப்பிடம் அதையே கேட்டோம், அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கேட்டால் கிடைக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

ஆகவே சம்பளம் 'உத்தரவாதம்' என்று எழுதியிருக்கிறதா, எந்த நிலையில் அந்த உத்தரவாதம் போய்விடும் என்று முதலில் பாருங்கள். பிறகு காயம். இதை நான் அழுத்திச் சொல்வேன். 2023 டிசம்பரில் கொரியாவில் ஆடிய ரென்ஸ் அபாண்டோ, பந்துக்காகத் தாவியபோது காற்றிலேயே தள்ளப்பட்டு விழுந்து முதுகெலும்பில் முறிவு கண்டார். காய் சோட்டோவுக்கு 2025 ஜனவரியில் ஜப்பானில் முழங்கால் தசைநார் கிழிந்தது. இரண்டுமே ஆட்டத்தின் நடுவே ஒரு நொடியில் நடந்தவை. மருத்துவச் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிகிச்சை தொடர்ந்தால் யார் பார்ப்பார்கள் என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் அந்தப் பரிசோதனை அவன் போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் நடந்து முடிய வேண்டும் என்று நாள் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் பயிற்சியில் வைத்துப் பார்த்துவிட்டு 'மருத்துவத்தில் தேறவில்லை' என்று அனுப்புவதற்கு அது வழியாகிவிடக் கூடாது.

வரி பிடித்தது போகக் கையில் வருவதா, பிடிப்பதற்கு முன் உள்ள எண்ணா என்பதையும் கேளுங்கள். ஜப்பானில் 'வசிப்பவர்' கணக்கில் வராதவரின் சம்பளத்தில் 20.42 சதவீதம் முதலிலேயே பிடிக்கப்படும். வீடு, விமான டிக்கெட், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் வாய்ப்பேச்சில் இல்லாமல் எழுத்தில் வரட்டும். ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால் முரண் வந்தால் எந்த மொழி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். தகராறு வந்தால் ஜெனீவாவில் உள்ள பி.ஏ.டி எனும் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற பிரிவு இருந்தால் நல்லது. அந்தப் பிரிவை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால்தான் அவர்கள் வழக்கை எடுப்பார்கள். அதன் தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புது வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போட முடியும் என்பதால், சம்பளப் பாக்கிக்கு இதைவிட வலுவான பிடி கிடையாது.

டூரிஸ்ட் விசா யோசனையைக் கைவிடுங்கள். ஜப்பானில் தொழில்முறை விளையாட்டு வீரருக்குப் பொழுதுபோக்குக் கலைஞர் பிரிவில் விசா. அதற்கான தகுதிச் சான்றை அங்கே விண்ணப்பித்து வாங்குவது கிளப்பின் வேலை. அது வந்த பிறகுதான் மணிலாவில் விசா. அதற்கும் மேலே, வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் பிலிப்பைன்ஸ் குடிமகனுக்கு ஓ.இ.சி எனும் வெளிநாட்டு வேலைச் சான்று வேண்டும். முன்பு பி.ஓ.இ.ஏ எனும் அரசு அமைப்பு பார்த்த இந்த வேலையை, 2021-இல் வந்த சட்டத்தால் உருவான புலம்பெயர் தொழிலாளர் துறை இப்போது பார்க்கிறது. உங்கள் மனைவிக்கு இது தெரிந்திருக்கும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான காகிதம்தான் அது. சுற்றுலா என்று சொல்லிவிட்டு பையில் ஒப்பந்தத்தோடு போனால் மணிலா விமான நிலையத்திலேயே 'ஆஃப்லோட்' செய்துவிடுவார்கள், அதாவது விமானத்தில் ஏற விட மாட்டார்கள். தப்பித்துப் போய்ச் சேர்ந்தாலும், அங்கே அவன் சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்பவன். கிளப் சம்பளம் தரவில்லை என்றால் புகார் கொடுக்கக்கூட வாய் திறக்க முடியாது.

உள்நாட்டில் ஒரு காகிதம் பாக்கி. எந்த வீரரும் நாடு மாறி ஆடப் பழைய நாட்டின் சங்கம் விடுப்புக் கடிதம் தர வேண்டும். பிலிப்பைன்ஸில் அது எஸ்.பி.பி. இன்னொரு கிளப்போடு ஒப்பந்தம் உயிரோடு இருந்தால் மட்டுமே அதை மறுக்க முடியும். கீஃபர் ரவேனாவுக்கு 2021-இல் சிக்கல் வந்தது இங்கேதான். பி.பி.ஏ-வின் என்.எல்.இ.எக்ஸ் அணியோடு ஒப்பந்தம் இருக்கும்போதே ஷிகாவில் கையெழுத்திட்டார். பி.பி.ஏ முடியாது என்றது, மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்து கடைசியில் அனுமதித்தார்கள். அவர் அளவுக்குப் பெயர் இருந்ததால் பேசினார்கள். உங்கள் மச்சினன் உள்ளூர் லீக் எதிலாவது, அல்லது ஏதாவது நிறுவனத்தின் அணியில், எப்போதாவது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று கேளுங்கள். பையன்கள் அதை மறந்துவிடுவார்கள்.

கல்லூரி சீசன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு மீண்டும் கல்லூரி லீக்கில் ஆட வரலாம் என்ற கணக்கில் எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்வி உதவித்தொகையும் அதோடு போகலாம், கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிற்காலத்தில் பி.பி.ஏ-வுக்குத் திரும்ப விதி என்ன என்பதையும் அப்படியே. லா சால் கல்லூரி அணியின் கெவின் கியம்பாவோ 2024 டிசம்பரில் இறுதிப்போட்டி வரை ஆடி முடித்த பிறகுதான் கொரியாவின் கோயாங் சோனோவுக்குப் போனார். என் கருத்தும் அதுதான்: அவன் கடைசி சீசனை ஆடட்டும். நன்றாக ஆடினால் விலை ஏறும், ஆடாவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும்.

ஏஜென்டுக்கு உங்கள் மச்சினன் பெயரிலேயே இன்று இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'வாய்ப்புக்கு நன்றி. கிளப்பின் பெயர், உங்கள் ஃபிபா உரிம எண், கிளப் கையெழுத்திட்ட முழு ஒப்பந்தம், தகுதிச் சான்று எப்போது கிடைக்கும் என்ற தேதி இவற்றை அனுப்புங்கள். குடும்பமும் வழக்கறிஞரும் பார்க்க இரண்டு வாரம் வேண்டும். முன்பணம் எதுவும் தர மாட்டோம்.' நிஜமான ஆளாக இருந்தால் இவை அவர் மேசையிலேயே இருக்கும், ஓரிரு நாளில் அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை கெடுவைத் திரும்பச் சொன்னாலோ, 60,000-ஐ 30,000 ஆக்கினாலோ, அந்த வாட்ஸ்ஆப் பேச்சை அழிக்காமல் அப்படியே சேமித்து, மணிலாவில் புலம்பெயர் தொழிலாளர் துறையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முழு ஒப்பந்தம் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்கிறேன்.