ஊழியத்திற்காகப் பலகாரக் கடையை மூட வேண்டுமா?

முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கு, வராமல் கடை நடத்துவது அவிசுவாசமோ என்று குற்றவுணர்வோடு கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் நீங்கள் நடத்தும் பலகாரக் கடையை மூட வேண்டியதில்லை, சகோதரி. அதைத் தொடர்வது அவிசுவாசமும் ஆகாது. கொரிந்து பட்டணத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டேதான் சுவிசேஷம் அறிவித்தார் (அப்போஸ்தலர் 18:3). முழுநேர ஊழியம் மட்டுமே அழைப்பு என்று கேட்டுப் பழகியதால் இந்தக் குற்றவுணர்வு வந்திருக்கலாம். மனகோலம் என்கிற செட்டிநாட்டு இனிப்புக்கு மாவைப் பதமாகச் சலித்து, நேற்றைய எண்ணெயைக் கலக்காமல் சுட்டுக் கொடுப்பதும் கர்த்தருக்கென்று செய்கிற வேலைதான் (கொலோசெயர் 3:23).

தீபாவளி ஆர்டர்கள் முடிந்தபின், வாரத்தில் ஒரு நாள் கடையை அடைத்து, அந்த நாளை வீடு வீடாகப் போய் மக்களைச் சந்தித்து ஜெபிக்கும் வீடு சந்திப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். வருமானம் போனதே மனத்தில் நிற்கிறதா, பிறர் ஆத்துமாக்கள் இரட்சிக்கப்பட வேண்டுமே என்ற பாரம் பெருகுகிறதா என்று கவனித்து, போதகரிடமும் வீட்டாரிடமும் பேசுங்கள்.

கடைக்காக வாங்கிய கடன் நிலுவையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அடையும்வரை, முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள் என்கிற மத்தேயு 6:33-ஐக் காட்டி யார் அவசரப்படுத்தினாலும் கடையை விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.