ஒரே வீடியோ காலில் எல்லாமுமா?

கேள்வி: கணவர் வேலை நிமித்தம் இரண்டு வருடம் வெளிநாட்டில் இருக்கிறார். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்பது. தினமும் தூங்கப் போகுமுன் வீடியோ காலில் பேசுகிறோம். சின்னவள் இரண்டே நிமிடத்தில் ஓடிவிடுகிறாள். பெரியவன் "ம்", "ஒண்ணுமில்ல" என்பதோடு சரி. பிறகு ஃபீஸ், குழாய் ரிப்பேர் என்று ஆரம்பித்து எங்கள் இருவருக்கும் சண்டையில் முடிகிறது. அடுத்த மாதம் விடுப்பில் வருகிறார். இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் வீட்டில் அந்த ஒரு கால் மூன்று வேலை பார்க்கிறது. பிள்ளைகளுக்கு அப்பாவைக் காட்டுவது, வீட்டு விவகாரம் பேசுவது, நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசுவது. முதலில் இந்த மூன்றையும் பிரியுங்கள்.

நான்கு வயதுக்கு ஐந்து நிமிடமே தாராளம். ஓடிப்போவது பாசக் குறைவல்ல. "இன்னிக்கு என்ன பண்ணே?" என்று கேட்டால், நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து தேடியெடுத்துக் கோர்வையாகச் சொல்ல வேண்டும், அந்த வயதில் அது பெரிய வேலை. கேள்வியை விட்டுவிட்டு, சேர்ந்து எதையாவது செய்யட்டும். ஒரே படப் புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் வாசிக்க வாசிக்க இவள் பக்கம் திருப்புவாள். அவர் விடுப்பில் வந்து புத்தகத்தை எடுத்துப்போகும்வரை வரையலாம்: "ஒரு வட்டம் போடு, அதுக்கு ரெண்டு காது வை" என்று அவர் சொல்லச் சொல்ல இவள் வரைந்து காட்டட்டும்.

போனை அவள் கையில் கொடுத்தால் அப்பாவுக்குத் தெரிவது பாதி நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான். நாலைந்து புத்தகங்களை அடுக்கி, கேமரா அவள் கண் மட்டத்துக்கு வரும்படி சாய்த்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கருத்துவிடும். அந்தப் பக்கமும் ஒரு விஷயம் உண்டு. அவர் திரையில் தெரியும் மகளைப் பார்த்துப் பேசினால், இங்கே அவர் பார்வை தாழ்ந்தே தெரியும். டாட்டா காட்டும்போதாவது கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்பது வயதுப் பையனை எதிரே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தால் "ஒண்ணுமில்ல"தான் வரும். நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று அப்பாவோடு செஸ் ஆடட்டும், நடுவே குரல் செய்தி அனுப்பட்டும். அவன் தன்னால் பேச ஆரம்பிப்பான். "இரு, அப்பாகிட்ட சொல்றேன்" என்ற மிரட்டல் மட்டும் வேண்டாம். அந்தக் காலே புகார்ப் பெட்டியாகிவிடும்.

தூங்கப் போகுமுன் பேசினால் பிள்ளைகள் குஷியாகித் தூக்கம் கலையும், இல்லையென்றால் ஏக்கத்தில் அழுவார்கள். படுக்கும் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக வீடியோ காலை முடித்துவிடுங்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளிலும், அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு அன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அப்போது நமக்கும் அங்கும் உள்ள நேர வித்தியாசம் மாறிவிடும். எந்த நாட்டில் மாற்றினாலும் நகர வேண்டியது அப்பாவின் நேரம். பிள்ளைகளின் நேரம் அப்படியே இருக்கட்டும்.

வீட்டு விவகாரத்தை எழுத்தில் அனுப்புங்கள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் "தகவலுக்கு" அல்லது "வெள்ளிக்குள் பதில் வேண்டும்" என்று போட்டுவிடுங்கள். தலைப்பில்லாமல் "குழாய் உடைஞ்சிடுச்சு" என்று அனுப்பினால், தன்னால் ஒன்றும் செய்ய முடியாத தூரத்தில் இருப்பவருக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்கும். எவ்வளவு தொகை வரை நீங்களே முடிவெடுக்கலாம் என்பதையும் பேசி வையுங்கள். அதற்குட்பட்ட செலவை அவர் பிறகு குறை சொல்லக் கூடாது. இதில் கறாராக இருங்கள்.

பணத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஓடிபியால். கூட்டுக் கணக்காகவே இருந்தாலும், பதிவான எண் அவருடையது என்றால் ஓடிபி அவர் தூங்கும் நேரத்தில் அங்கே போய், சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் ஒரு கணக்கு வைத்து, மாதம் ஒரு தொகை தானாக அதில் விழ ஏற்பாடு செய்யுங்கள். கட்டணங்கள் அதிலிருந்தே போகட்டும். சொத்து விவகாரம் ஏதாவது இருந்தால், இந்த விடுப்பிலேயே உங்களுக்கு பவர் பத்திரம் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கிருந்து அனுப்புவதானால் நோட்டரி கையெழுத்து, பிறகு அப்போஸ்டில் (ஆவணம் வேறு நாட்டிலும் செல்ல அந்நாட்டு அரசு தரும் சான்று) அல்லது தூதரகச் சான்று என்று அலைய வேண்டும். எல்லா அதிகாரமும் தரும் பொதுப் பத்திரத்தைவிட, குறிப்பிட்ட வேலைக்கான பத்திரமே பாதுகாப்பு.

விடுப்புத் தேதியை டிக்கெட் உறுதியான பிறகே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சின்னவளுக்குக் கடைசிப் பத்து நாள் எண்ணினால் போதும். நேர வித்தியாசத்தால் கெட்ட தூக்கம் சீராக, தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் உறவினர் வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். மகள் கூச்சப்பட்டு உங்கள் பின்னால் ஒளிந்தால் இழுத்து அவர் மடியில் வைக்காதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தால் அவளே வருவாள். அவர் எல்லாப் பொறுப்பையும் ஒரேயடியாக ஏற்க வேண்டாம். மாலையில் குளிக்கவைப்பது போல ஒரு வேலையை மட்டும் தினமும் அவரே செய்யட்டும். நீங்கள் வைத்திருக்கும் விதிகளில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பிள்ளைகள் தூங்கிய பிறகு உங்களிடம் சொல்லட்டும்.

திரும்பிப் போகும் நாள் நெருங்கும்போது சின்ன விஷயத்துக்கெல்லாம் வாக்குவாதம் வரும். கோபித்துக்கொண்டு பிரிவது சுலபம் என்பதுதான் காரணம். அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களைப் பற்றி 1987-இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே பவர் பத்திரம், ஃபீஸ், அடுத்த விடுப்புத் தேதி என்று பேச வேண்டியதையெல்லாம் விடுப்பின் நடுவிலேயே முடித்துவிட்டு, கடைசி மூன்று நாளைக் கணக்குப் பேச்சு இல்லாமல் விட்டுவிடுங்கள்.