மாட்டுத் தீனிக்கும் சாணத்துக்கும் மீத்தேனுக்கும் என்ன சம்பந்தம்?

காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் வாயுக்களில் ஒன்று மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடேற்றக்கூடியது. மாட்டின் முதல் இரைப்பை அப்படியொரு மூடிய பானைதான். ராத்திரி கரைத்துவைத்த இட்லி மாவு காலையில் பொங்குகிறதல்லவா, அந்த வேலை அங்கே நாள் முழுக்க நடக்கிறது. (மாவில் வருவது கரியமில வாயு, மாட்டில் கூடவே மீத்தேனும்.)

பெங்களூரு அல்சூரில் எங்கள் சந்து மாட்டுக்குப் பெரும்பாலும் ராகித் தாள்தான். நார் அதிகம், மெதுவாகச் செரிக்கும், பாலும் குறைவு. ஆகவே ஒரு லிட்டர் பாலுக்கு வெளியேறும் மீத்தேன் கூடும். சாணமும் கெட்டியாக, நார் நாராக விழும். இளம்புல்லும் கொஞ்சம் தானியமும் சேர்த்தால் அந்தக் கணக்கு இறங்கும். சரி என்று புண்ணாக்கை அள்ளிப் போட்டாலும் வம்பு: மிஞ்சிய புரதம் மூத்திரத்தில் யூரியாவாக இறங்கி, சாணத்தோடு கலந்ததும் அம்மோனியா ஆகிவிடும். தொழுவத்தில் கண் எரிவது அதனால்தான்.

சாணத்தை வரட்டி தட்டிக் காயவைத்தால் மீத்தேன் சொற்பம்; குழியில் ஈரமாகத் தேங்கினால் அதிகம்.

அப்புறம், வாயு பின்பக்கமாகப் போகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியேதான் வருகிறது.